இரண்டு தோட்டங்களும் ஒரு புழுவும்

கொழும்பு மாநகரில் 'தோட்டம்' என்னும் சொல்லுக்கு ஒரு விசித்திரமான பொருள் உண்டு. ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவர் கொச்சிக்கடையிலோ கொட்டாஞ்சேனையிலோ முகவரி விசாரித்து, "அந்தத் தோட்டத்துக்குள்ளே போங்கள்" என்ற விடையைப் பெற்றால், மாவும் பலாவும் நிழல் விரித்த ஒரு சோலையை எதிர்பார்த்தே நடப்பார். அவர் காண்பதோ, எதிரே ஒருவர் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய ஒடுங்கிய ஒழுங்கையும், அதன் இருமருங்கும் சுவரோடு சுவர் ஒட்டிய சிறு வீடுகளும், ஒரு பொதுக் குழாயும், பல குடும்பங்களுக்கும் பொதுவான கழிப்பறை வரிசையுமேயாம். மரங்கள் போய்விட்டன, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

மலைநாட்டிலும் தோட்டம் உண்டு. அங்கே அச்சொல் தேயிலையைக் குறிக்கும். கங்காணியையும் துரையையும் லயன் அறைகளையும் குறிக்கும். நகரத்துத் தோட்டத்துக்கும் மலையகத் தோட்டத்துக்கும் சொல்லளவில் மட்டுமே உறவு என்று நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு மாணவனின் கண்ணிமை. அவன் கதையைச் சொல்லுமுன் வாசகர்களிடம் ஒரு பொறுமையை வேண்டுகின்றேன். இலக்கியப் பக்கத்தில் குடற்புழுவைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆயினும், மனிதனுடைய வயிற்றைப் பற்றிப் பேச அஞ்சும் இலக்கியம் அவனுடைய வாழ்வைப் பற்றி எவ்வளவு தூரம் பேசிவிட முடியும்?

ஆசிரியர் செய்த பிழை

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. கொச்சிக்கடைக்கு அண்மையில் ஒரு பாடசாலையில் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் கற்பித்துவந்தேன். மலைநாட்டிலிருந்து தாயோடு வந்து, ஒரு தோட்டத்து வீட்டில் ஒண்டியிருந்த சிறுவன் ஒருவன் அவ்வகுப்பில் சேர்ந்தான். முதல் வாங்கில் இருத்தினாலும் கடைசி வாங்கில் இருத்தினாலும் அவன் தலை சற்று நேரத்தில் மேசைமேல் சாய்ந்துவிடும். விளையாட்டு நேரத்தில் சுவரோரம் குந்தியிருப்பான். வினாவைக் கேட்டால் விடை வர வெகு நேரம் செல்லும். நான் அவனுக்கு ஒரு பெயர் வைத்தேன். 'சோம்பேறி' என்பதே அப்பெயர். ஆசிரியர் வைத்த பெயரை வகுப்பு விரைவில் பழகிக்கொள்ளும். அவனும் பழகிக்கொண்டான்.

ஒரு நாள் அவனுடைய தாயார் வாசலில் நின்று, "இவன் மண்ணைத் திங்கிறான் சேர், அடிச்சாலும் விட மாட்டேங்கிறான்" என்று அழுதார். அன்று மாலை ஒரு வைத்தியரிடம் அவனை அழைத்துச் சென்றேன். வைத்தியர் ஒன்றும் பேசாமல் அவனுடைய கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். செந்நிறமாக இருக்க வேண்டிய இடம் வெண்காகிதம் போல் வெளுத்திருந்தது. "மாஸ்டர், இவனுக்குச் சோம்பல் இல்லை. இவனுடைய உடம்பில் இரத்தமில்லை" என்றார். மலப் பரிசோதனையில் கொழுக்கிப்புழுவின் முட்டைகள் காணப்பட்டன. பூச்சி மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அடுத்த தவணையில் அந்தச் சிறுவன் என் கேள்விக்கு நான் முடிக்குமுன் விடை சொன்னான். வகுப்பு மகிழ்ந்தது. எனக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை. சோகைக்கும் சோம்பலுக்கும் வேறுபாடு அறியாத ஒருவன் பிள்ளைகளுக்குச் சொற்பொருள் கற்பித்துக்கொண்டிருந்தானே!

குடலுக்குள் ஒரு கடன்காரன்

கொழுக்கிப்புழு ஏறத்தாழ ஒரு சென்றிமீற்றர் நீளமே உடையது. முட்டை, மலத்தோடு வெளியேறி ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் விழுமாயின், ஓரிரு நாளில் பொரிக்கின்றது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் அக்குடம்பி வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகும் வல்லமை பெறுகின்றது. இரத்தத்தோடு இதயம் சென்று, அங்கிருந்து நுரையீரலை அடைந்து, மூச்சுக்குழாய் வழியே மேலேறித் தொண்டையில் விழுங்கப்பட்டு, சிறுகுடலில் வந்து குடியேறுகின்றது. அங்கே சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சத் தொடங்குகின்றது.

நெக்கேட்டர் என்னும் இனத்துப் புழு ஒன்று நாளொன்றுக்கு இழக்கச் செய்யும் இரத்தம் ஏறத்தாழ 0.03 மில்லிலீற்றர். ஒரு துளிக்கும் குறைவு. ஆனால் நூறு புழுக்கள் உள்ள குழந்தையில் மாதமொன்றுக்கு அது 90 மில்லிலீற்றர் ஆகிவிடும். அன்கைலொஸ்டோமா டியோடினேல் என்னும் மற்றோர் இனம் உறிஞ்சுவது இதனினும் பன்மடங்கு. வயிறாரச் சோறும் இறைச்சியும் உண்பவன் இந்தக் கடனைக் கட்டிவிடுவான். வெறும் ரொட்டியும் தேநீரும் உண்பவன் எதைக் கொண்டு கட்டுவான்?

இங்கே ஒன்றை மறவாது குறித்துக்கொள்ள வேண்டும். வளர்ந்த புழு நாள்தோறும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுமேனும், மனித உடலுக்குள் அதன் தொகை பெருகுவதில்லை. முட்டை எப்படியும் மண்ணைத் தொட்டாக வேண்டும். அந்த மண்ணைக் காலும் தொட்டாக வேண்டும். நடுவே ஒரு நல்ல கழிப்பறை நின்றுவிட்டால் புழுவின் வமிசம் அத்தோடு அற்றுப்போகும்.

தோல் வழியே புழு புகுவதை முதலில் கண்டவர் ஆர்தர் லோஸ் என்ற ஜெர்மானிய அறிஞர். கெய்ரோ நகரில் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, குடம்பிகள் கலந்த நீர் தற்செயலாக அவர் கைமீது சிந்தியது. கை அரித்தது. சில வாரங்களின் பின் தம் மலத்திலேயே அப்புழுவின் முட்டைகளை அவர் கண்டார். 1898ஆம் ஆண்டில் அவர் இதனை வெளியிட்டபோது நம்ப மறுத்தவர்கள் பலர்.

அதே லோஸ், 1911ஆம் ஆண்டில், இலங்கையின் புனுகுப்பூனை ஒன்றின் குடலிலிருந்து பெறப்பட்ட கொழுக்கிப்புழுவை ஆராய்ந்து அதனைத் தனி இனமாக விவரித்தார். அதற்கு அவர் இட்ட பெயர் அன்கைலொஸ்டோமா சிலானிக்கம். 'சிலோன்' என்னும் நம் தீவின் பெயர் இவ்வாறு ஒரு புழுவின் பெயரில் ஏறியது. அதனை மனிதர் குடலிலும் கண்டதாக 1913இல் இந்தியாவிலிருந்து கிளேட்டன் லேன் அறிவித்தார். ஆயினும், நெருங்கிய தோற்றமுடைய பிறிதோர் இனத்தோடு அதனைச் சேர்த்துக் குழப்பிய விஞ்ஞானிகள் பலர். 1951ஆம் ஆண்டில் பியோக்கா என்னும் அறிஞர் இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டும்வரை அக்குழப்பம் நீடித்தது.

துரைமார் கணக்கும் தொழிலாளர் கால்களும்

இனி மலைநாட்டுத் தோட்டத்துக்கு வருவோம். தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளரைக் கொணர்ந்த வழிகளுள் ஒன்று தூத்துக்குடியிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த கப்பல் வழி. கொச்சிக்கடையின் அருகே கரையிறங்கியவர்கள் ராகமை முகாமில் தங்கவைக்கப்பட்டனர். பின்னர் மண்டபம் முகாம் அமைந்தது. தமிழகத்து மண்ணில் நின்ற அம்முகாமை நடத்தியது இலங்கை அரசாங்கம். அம்மை, வாந்திபேதி ஆகியவற்றுக்காகத் தடுத்து வைத்ததோடு, காலப்போக்கில் அங்கே புழு மருந்தும் புகட்டினர்.

தோட்டங்களில் முறையான கொழுக்கிப்புழு ஒழிப்பு முயற்சி 1916ஆம் ஆண்டில் மாத்தளைப் பகுதியில் தொடங்கிற்று. அதனை முன்னின்று நடத்தியது அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனத்தின் சர்வதேச சுகாதாரப் பிரிவு. அமெரிக்கத் தென் மாநிலங்களில் ஏழை வெள்ளையரைச் 'சோம்பேறிகள்' என்று ஏளனம் செய்த காலத்தில், அச்சோம்பலின் பின்னே நின்றது புழுவே என்று காட்டி, 1909 முதல் அங்கே இயக்கம் நடத்திய நிறுவனம் அது. கடல் கடந்த நாட்டிலும் ஏழையின் சோகைக்கு நான் வைத்த அதே பெயரையே வைத்திருந்தார்கள் என்பதைப் பின்னாளில் படித்தபோது வியப்பும் வெட்கமும் ஒருங்கே தோன்றின.

மருந்து கொடுத்தார்கள். தைமோலும் கெனோபோடியம் எண்ணெயும் புழுக்களை வெளியேற்றின. தொழிலாளர் தெளிவுற்றனர். ஆனால் அவர்கள் நடந்த மண் மாறவில்லை. கழிப்பறை கட்டுமாறு சுகாதார அதிகாரிகள் வற்புறுத்தினர். செலவுக் கணக்கைப் பார்த்த துரைமார் பலர் தயங்கினர். விளைவு, மருந்துண்டவர்களையே புழு மீண்டும் பற்றியது. மருந்தை மட்டும் நம்பியிருக்கவியலாது என்னும் பாடம், 1926இல் களுத்துறையில் தொடங்கப்பெற்ற சுகாதாரப் பகுதியில் முழுமையான நோய்த்தடுப்பு முறையாக உருப்பெற்றது. நாடு முழுவதும் பரவிப் பாராட்டுப் பெற்ற முறை அது. எனினும் அம்முறைக்கு வித்திட்ட தோட்டங்களோ நெடுங்காலம் அதற்குப் புறத்தேயே நின்றன.

மருந்தின் வரலாற்றிலும் ஒரு துயரமான ஏடு உண்டு. 1921ஆம் ஆண்டில் மொரிஸ் ஹோல் என்னும் அமெரிக்க விலங்கு நோய் ஆய்வாளர், காபன் நாற்குளோரைட்டு நாய்களின் கொழுக்கிப்புழுவை ஒழிக்கக் கண்டார். பின்னர்த் தாமே அதனை விழுங்கிச் சோதித்தார். அது ஈரலைக் கெடுக்குமா என்று அறிய, 1920களின் தொடக்கத்தில் இலங்கையில் மரண தண்டனை பெற்ற கைதிகளுக்கு அம்மருந்து கொடுக்கப்பட்டது. தூக்கிலிடப்பட்ட பின் அவர்களுடைய ஈரல்கள் ஆராயப்பட்டன. நஞ்சுத்தன்மை காரணமாக அம்மருந்து பிற்காலத்தில் கைவிடப்பட்டது. நாய், விஞ்ஞானி, கைதி, தொழிலாளி என்ற வரிசையில் இறங்கிவந்த அம்மருந்தைத் தன் விருப்பத்தோடு உண்டவர் ஒருவரே என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இன்றைய நிலை

இன்று அல்பெண்டசோல், மெபெண்டசோல் ஆகியவை ஒற்றை மாத்திரையாகவே கிடைக்கின்றன. பாடசாலைகளில் வழங்கப்பட்டும் வருகின்றன. முன்னேற்றம் பெரிது. 2017இல் நடந்து 2019இல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி, மண்வழிப் பரவும் புழுக்கள் ஆரம்பப் பாடசாலைச் சிறுவரில் 0.97 சதவீதத்தினரிடமே காணப்பட்டன. உலகில் ஏறத்தாழ 150 கோடி மக்கள் இப்புழுக்களால் பீடிக்கப்பட்டிருக்க, இது பெருமைக்குரிய எண்ணே.

ஆனால் அதே ஆய்வு வேறு இரண்டு எண்களையும் தந்தது. மேல் மாகாண நகரச் சேரிகளில் 2.73 சதவீதம், பெருந்தோட்டங்களில் 9.02 சதவீதம். நாட்டின் பிற பகுதிகளிலிருந்து விரட்டப்பட்ட புழு எங்கே ஒதுங்கியிருக்கின்றது என்று பாருங்கள். நகரத்துத் தோட்டத்திலும் மலையகத் தோட்டத்திலும்! கழிப்பறை போதாத இடமும் குழாய்நீர் பங்கிடப்படும் இடமும் எவையோ, அவையே அதன் புகலிடங்கள். நகரத்தில் கொழுக்கிப்புழுவைவிட வட்டப்புழுவுக்கும் சாட்டைப்புழுவுக்குமே வாய்ப்பு மிகுதி. ஒரு பெண் வட்டப்புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் முட்டை இடுகின்றது. கழுவாத கையும் கழுவாத கீரையும் அவற்றுக்கு வாகனங்கள்.

இந்த ஆய்வில் முன்னின்றோருள் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்து அறிஞர்களும் அடங்குவர். அந்தப் பீடம் அமைந்திருப்பது ராகமையில். தொழிலாளரைத் தடுத்து வைத்த ஊரில் இன்று அவர்தம் பேரப்பிள்ளைகளின் நோயை ஆராய்கின்றார்கள். காலத்தின் இந்த மாற்றத்தை வரவேற்கின்றேன்.

இத்துடன் விலங்குகளையும் மறத்தலாகாது. செவ்வாய்க்கிழமைதோறும் புனித அந்தோனியார் திருத்தலத்துக்கு வரும் பெருங்கூட்டத்தின் கால்களுக்கிடையே கொச்சிக்கடையின் தெருநாய்களும் நடமாடுகின்றன. பொன்னம்பலவாணேசர் கோயிலை நோக்கிச் செல்லும் வழியிலும் அவை படுத்திருக்கும். நாய்க்குட்டி பிறக்கும்போதே தாயின் வயிற்றிலிருந்து வட்டப்புழுவைப் பெற்று வருவதுண்டு. லோஸ் பெயரிட்ட சிலானிக்கம் புழுவோ நாய், பூனை, மனிதன் ஆகிய மூவரிடமும் முழுவாழ்வு வாழ வல்லது. அதன் முட்டையை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஏனைய கொழுக்கிப்புழுக்களின் முட்டையிலிருந்து வேறு பிரிக்கவியலாது. மரபணுச் சோதனை வந்த பின்னரே கம்போடியா, மலேசியா, தாய்லாந்து, லாவோஸ் ஆகிய நாடுகளில் மனிதரிடையே அது பெரிதும் பரவியிருப்பது தெரியவந்தது. மனிதனுக்கு மட்டும் மருந்து கொடுத்து, அவனோடு வாழும் நாயை மறந்தால், புழு நாயின் வயிற்றில் காத்திருந்து மீளும். நாயைக் கல்லால் அடிப்பது இதற்குப் பரிகாரம் ஆகாது. வளர்ப்பு நாய்க்கு மிருக வைத்தியர் சொல்லும் காலத்தில் மருந்து கொடுப்பதும், அதன் மலத்தை அகற்றிப் புதைப்பதும், பிள்ளைக்குச் செருப்பணிவிப்பதுமே செயற்பாலன.

பரிகாரம் பெரிய இரகசியமன்று. மாத்திரை, செருப்பு, சவர்க்காரம், கழிப்பறை. இவற்றுள் முதல் மூன்றையும் ஒரு தாய் முயன்று தேடிக்கொள்ளக்கூடும். நான்காவதை ஒரு லயன் அறைத் தொழிலாளியோ ஒழுங்கைக் குடும்பமோ தனித்துக் கட்டிவிட இயலாது. நூறாண்டுக்கு முன் துரைமார் கணக்கேட்டில் தள்ளிவைக்கப்பட்ட செலவு அதுவே. மாநகரமும் கம்பனிகளும் அரசும் அதனை இன்னும் முழுதாகத் தீர்க்கவில்லை என்பதற்கு மேலே சொன்ன இரண்டு எண்களே சான்று.

ஆசிரியராகிய என் தோழர்களுக்கு ஒரு சொல். மேசைமேல் தலை சாய்க்கும் பிள்ளையைக் கண்டால், பெயர் வைக்குமுன் அதன் கீழ் இமையைப் பாருங்கள். அன்று என்னிடம் படித்த அந்தச் சிறுவன் இன்று எங்கிருக்கிறானோ அறியேன். எங்கிருப்பினும் நான் வைத்த பெயரை அவன் மறந்திருக்க வேண்டுமென்றே விரும்புகின்றேன். நான் மறக்கவில்லை.