மீன்தொட்டிக்கும் கலிங்கு வேண்டும்

ஈப்போவிலிருந்து வடக்கே ரயிலில் போகிறவர்களுக்குத் தெரியும். தைப்பிங்கைத் தாண்டிச் சற்று நேரத்தில் வண்டி தண்ணீரின் மேல் ஓடும். அதுதான் புக்கிட் மேரா ஏரி. கிரியான் வட்டார நெல்வயல்களுக்காக 1906இல் கட்டி முடித்த அணை. பேராக்கில் பெயர் பெற்ற தங்க அரோவானா மீனின் தாய்வீடும் அங்கேதான்.

அணை கட்டுகிறவர்கள் நீரைத் தேக்குவதோடு நிறுத்துவதில்லை. மிஞ்சிய நீர் எந்த வழியாகப் போகும் என்பதையும் முதலிலேயே முடிவு செய்வார்கள். நம் ஊர் ஏரிகளில் அந்த இடத்துக்குக் கலிங்கு என்று பெயர். அதே அரோவானாவை வீட்டுக்குக் கொண்டுவரும் நம்மவர்களில் பலர் இந்தக் கலிங்கைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

தோட்டத்து லயத்தில், லோங்காங்கில் பிடித்த சண்டை மீனை ஹார்லிக்ஸ் போத்தலில் வளர்த்தோம். போத்தல் கவிழ்ந்தால் ஒரு துணி போதும். இன்று தாமான் வீட்டு ஹாலில் ஆறடித் தொட்டி. அரோவானா இரண்டடி வரை வளரும் மீன், அதைவிடச் சிறிய தொட்டி அதற்குச் சிறைதான். (அருகிவரும் இனம் என்பதால், பதிவு பெற்ற பண்ணையில் பிறந்த, சில்லு பொருத்திய மீனைப் பத்திரங்களோடு வாங்குங்கள்.) 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் ஏறக்குறைய 680 லிட்டர். தண்ணீர் மட்டுமே 680 கிலோ. மாடியில் வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

இவ்வளவு பெரிய தொட்டிக்கு அடியில், அலமாரிக்குள், 'சம்ப்' என்ற இன்னொரு தொட்டி வைப்பார்கள். மேல்தொட்டியின் மூலையில் கண்ணாடித் தடுப்பு ஒன்று இருக்கும். அதன் விளிம்பைத் தாண்டி வழியும் நீர், குழாய் வழியாகச் சம்புக்கு இறங்கி, வடிகட்டப்பட்டு, பம்பினால் மேலே திரும்பும். கேட்க எளிது. மின்சாரம் போகும்போதுதான் சோதனை.

மாலையில் இடி இடித்து விளக்கு அணைகிறது. பம்பு நிற்கிறது. ஆனால் நீர் நிற்பதில்லை. மேலே நீர் விடும் குழாயின் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால், அதே குழாய் இப்போது தலைகீழாக உறிஞ்சத் தொடங்கும். வாய் வெளியே தெரியும்வரை நீர் சம்புக்கு இறங்கிக்கொண்டே இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தத் தொட்டியில் நீர்மட்டம் ஒரு செண்டிமீட்டர் இறங்கினால் 11 லிட்டர். குழாய் வாய் 5 செண்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் இறங்குவது சுமார் 56 லிட்டர். 20 செண்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் 220 லிட்டருக்கு மேல்! நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள சம்பின் முழுக் கொள்ளளவே 260 லிட்டருக்குள்தான். அதில் பாதி ஏற்கெனவே நிறைந்திருக்கும். மீதி எங்கே போகும்? ஹால் தரைக்கு. அங்கேதான் மின்சார நீட்டுப் பலகையும் கிடக்கும். அதைச் சம்பை விட உயரத்தில் சுவரில் மாட்டுங்கள். வயர் ஒரு வளைவு தொங்கிய பிறகே சொருகியில் ஏற வேண்டும். வயர் வழியே வடியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இதற்கு 'நோன்ரிட்டர்ன் வால்வு' போட்டால் போதும் என்று கடையில் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பாசியோ ஒரு சிறு நத்தையோ சிக்கினால் அது மூடாது. குழாய் வாயை நீர்மட்டத்துக்கு ஒட்டியே வையுங்கள். செலவில்லாத தீர்வு அதுதான்.

அடுத்த ஆபத்து நேர் எதிரானது. பம்பு ஓடுகிறது, இறங்கும் குழாய் அடைத்துக்கொண்டது. அதனால்தான் இறங்குவதற்கு ஒரே குழாயை நம்பக்கூடாது. இரண்டு வேண்டும். ஒன்று எப்போதும் நீர் நிறைந்து ஓடுவது. வால்வால் அளவு திருத்தினால் 'களக் களக்' சத்தமே வராது, டிவி பார்க்கலாம். மற்றொன்று சற்று உயரத்தில் வாய் வைத்துக் காய்ந்தே நிற்பது. இதுதான் அசல் கலிங்கு. அதில் வால்வு பொருத்தவே கூடாது. இரண்டும் ஒன்றரை அங்குல பிவிசியாக இருக்கட்டும். ஒரு அங்குலத்தில் மிச்சமாகும் சில வெள்ளி பெரிதல்ல.

இரண்டும் அடைத்தால்? சம்பில் பம்பு இருக்கும் அறையைச் சிறியதாகத் தடுத்துக்கொள்ளுங்கள். அது 40 லிட்டர் என்றால், முழுவதும் மேலே ஏறினாலும் நீர்மட்டம் 4 செண்டிமீட்டருக்குள்தான் உயரும். மேலே 5 செண்டிமீட்டர் இடைவெளி விட்டிருந்தால் பம்பு வறண்டு பாழாகலாம், தரை நனையாது.

அரோவானாவுக்கென்று இன்னொன்று. அது துள்ளும் மீன். தடுப்பின் விளிம்பில் சீப்புப் பற்கள் இல்லாவிட்டால் குட்டி வழிந்து உள்ளே போய்விடும். கனமான மூடியும் வேண்டும். குழாய்க்கு வெட்டிய இடைவெளியையும் வலையால் அடையுங்கள்.

ஓட்டை போடுவது தொட்டி செய்யும்போதே நடக்க வேண்டும். அடிக் கண்ணாடி 'டெம்பர்ட்' என்றால் பின்னால் துளைக்கவே முடியாது, நொறுங்கிவிடும். வாரந்தோறும் நீர் மாற்ற, சம்பிலிருந்து பின்கட்டுக்கு ஒரு குழாயும் இப்போதே போடுங்கள். அந்த நீர் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் நல்ல உரம்.

மீன் வாங்குமுன் ஒரு நாள், வெறும் தண்ணீரோடு ஓட்டிப் பாருங்கள். பம்பை அணையுங்கள். சம்பில் நீர் ஏறி நின்ற இடத்தைக் கண்ணாடியில் மார்க்கரால் கோடு போடுங்கள். மீண்டும் ஓட விட்டு, இந்த முறை முதல் குழாயின் வால்வை மூடுங்கள். இரண்டாவது குழாய் சலசலவென்று பேசத் தொடங்கினால், மறுநாள் மீன் கடைக்குப் போகலாம்.