வாசனைத் தேநீரைச் சுவைத்தறியும் முறை

கண்டியைச் சூழ்ந்த மலைநாட்டிலே தேயிலையும் வாசனைத் திரவியங்களும் அண்டையயலாக வளர்கின்றன. லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் ரெயிலர் என்பார் 1867 ஆம் ஆண்டில் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலையைப் பயிரிட்டார். 1869 இல் இலைத்துரு நோய் கோப்பிச் செடிகளைப் பற்றத் தொடங்கவே, நாளடைவில் கோப்பியின் இடத்தைத் தேயிலை பெற்றது. கண்டி, மாத்தளைப் பகுதிகளின் வீட்டுத் தோட்டங்களிலோ, பலாவுக்கும் தென்னைக்கும் இடையே கராம்பும் சாதிக்காயும் மிளகும் செழிக்கின்றன. மலைச்சாரலின் ஈரநிழலில் ஏலம் வளர்கின்றது. இவை ஒரு கிண்ணத்திலே கூடுதல் இயல்பே. ஆயினும், அவ்வாறு கூடுமிடத்து வாசனை தேயிலைக்குத் துணையாகின்றதா, திரையாகின்றதா என்பது ஆராயத்தக்கது.

இது வெறும் நாச்சுவை பற்றிய வினா அன்று. நம் நாட்டுத் தேயிலையிற் பெரும்பகுதி பிறநாடு செல்ல, நம் வீடுகளில் வழங்குவது பெரும்பாலும் தூளே. தூள் என்பதனால் அஃது இழிந்ததாகாது. விரைவிற் சாறிறங்குவதும் நிறமும் கடுமையும் மிக்கதும் அதுவே. ஆனால் கழிவுத் தேயிலை கலந்த தூளும், நாட்பட்டு மணமிழந்த தூளும், ஏலம் கராம்பு முதலியவற்றின் மணத்துள் எளிதில் மறைந்துகொள்ளும். சுவையறியாதார் பொருளை இழப்பர். நற்றேயிலை செய்வார்தம் உழைப்பும் மதிப்பிழக்கும்.

ஆதலின், முதற்கண் வெறுந் தேநீரைச் சுவைத்தல் வேண்டும். சர்வதேச நியம அமைப்பு 1980 இல் வெளியிட்ட 3103 ஆம் இலக்க நியமம், 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலையும், 6 நிமிட நேரமும் என வகுக்கின்றது. அளவும் நேரமும் மாறாவிடினே இரு தேநீரை ஒப்புநோக்கல் இயலும். சீனியும் பாலும் இன்றி, சிறிது ஆறியபின், ஒலியெழ உறிஞ்சுக. அவ்வாறு உறிஞ்சுங்கால் காற்றோடு கலந்த ஆவி தொண்டை வழியே நாசிக்கு ஏறும். கசப்பும் இனிப்பும் நாவினால் அறியப்படுவன. கறுவா, ஏலம் என்று நாம் பிரித்தறிவதோ பெரிதும் மூக்கினாலேயாம். மூக்கைப் பொத்திக்கொண்டு கறுவாத் தேநீரைப் பருகுவார் இவ்வுண்மையை உடனே உணர்வர்.

அடுத்து, ஒரு கிண்ணத்துக்கு ஒரு திரவியமாகச் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். பலவற்றை ஒருங்கே சேர்த்தால் எது எதனைச் செய்தது என்பது புலனாகாது. ஒவ்வொன்றற்கும் உரிய பக்குவமும் வேறு. கறுவாப்பட்டையும் வேர்க்கொம்பும் உலர்ந்து இறுகியவை. அவற்றை நீர் கொதிக்கும்போதே இடுதல் நன்று. ஏலத்தின் மணம் தோலிலன்றிப் பெரிதும் உள்ளிருக்கும் விதையில் உள்ளது. நெடுநேரம் கொதித்தால் ஆவியோடு போய்விடும். எனவே அதனை நசுக்கி இறுதியில் இடுக. கராம்பில் மிகுந்துள்ள இயூஜினோல் என்னும் எண்ணெய் பிறமணம் யாவற்றையும் அடக்கவல்லது. ஒரு கிண்ணத்துக்கு ஒன்றே மிகை. பச்சை இஞ்சி உலருங்கால் அதன் காரப்பொருளில் ஒரு பகுதி கடுமை மிக்க வேறொன்றாக மாறுகின்றது. வேர்க்கொம்பின் உறைப்பு மிகுதற்குக் காரணம் இதுவே.

பாலைப் பின்னரே சேர்க்கவேண்டும். பாலிலுள்ள கேசின் என்னும் புரதம் தேநீரின் துவர்ப்பொருள்களைப் பற்றிக்கொள்வதால் துவர்ப்புத் தணியும். அதனோடு தேயிலையின் குற்றமும் ஓரளவு மறையும். பச்சை இஞ்சியிற் பாலைத் திரைக்கும் நொதியம் ஒன்றுண்டு. இஞ்சியை நீரில் நன்கு கொதிக்கவைத்தால் அந்நொதியம் செயலிழக்கும். பின்னர் விடும் பால் திரையாது.

கறுவாவைத் தெரிந்தெடுத்தலிலும் கருத்துவேண்டும். இலங்கைக் கறுவா மெல்லிய பல சுருள்கள் ஒன்றனுள் ஒன்று அடங்கியது. கையால் எளிதில் நொறுங்கும். சீனக் கறுவாவோ தடித்து வன்மையுற்ற ஒரே பட்டையாகச் சுருண்டிருக்கும். அதிலுள்ள கூமரின் என்னும் பொருள் அளவு மிகின் ஈரலுக்குத் தீங்கு பயக்கும். நம் நாட்டுக் கறுவாவில் அப்பொருள் மிகச் சிறிதே உள்ளது. தூளாக்கியபின் இவ்வேறுபாட்டைக் கண்ணாற் காண்டல் அரிது. ஆதலாற் பட்டையாகவே வாங்குதல் தக்கது.

மாணாக்கர் இதனைத் தம் இல்லத்திலேயே ஒரு சோதனையாகச் செய்து பார்க்கலாம். கிண்ணங்களின் அடியில் இலக்கமிட்டு, எதில் எது உளதென்று அறியாத ஒருவரைச் சுவைக்கச் செய்து, அவர் கூறுவதை எழுதிக்கொள்க. வெறுந் தேநீரின் சுவை வாசனையின் பின்னும் தனித்துத் தோன்றுமாயின் அக்கலவை நன்று. தோன்றாதாயின், திரவியம் மிகுந்தது அல்லது தேயிலை குன்றியது. இவ்விரண்டில் எது என்பதை முதலிற் சுவைத்த வெறுந் தேநீரே காட்டிக்கொடுக்கும். கித்துள் கருப்பட்டித் துண்டைக் கையில் வைத்துக் கடித்துக்கொண்டு வெறுந் தேநீரைப் பருகும் வழக்கம் இப்பகுதியில் உண்டு. இனிப்பை வேறாகவும் தேநீரை வேறாகவும் வைக்கும் அம்முறை, தேயிலையின் குணத்தை மறையாது காட்டுவதாதலின் போற்றத்தக்கதாம்.