சர்க்கரை காட்டாத கட்டி

டீயில் போடும் சர்க்கரையிலிருந்தே தொடங்கலாம், அண்ணாச்சி. மூணாற்றிலிருந்து கொச்சிக்குப் போய் எடுத்துவரச் சொல்கிறார்களே பெட் ஸ்கேன், அதில் வழக்கமாக ஊசியில் ஏற்றுவது கதிரியக்க ஃப்ளூரின்-18 கோத்த ஒருவகை குளுக்கோஸ். புற்றுக்கட்டிக்குப் பசி அதிகம். சர்க்கரையை வாரி இழுத்துக்கொண்டு படத்தில் ஒளிரும். ஆனால் காசநோய்க் கட்டியும் அப்படியே ஒளிரும். நம் நாட்டில் அது சின்னக் குழப்பமில்லை. சிறுநீரகப் புற்றில் இன்னும் வம்பு. மிச்ச மருந்து சிறுநீராகத்தானே போகிறது? சிறுநீரகமே பளிச்சென்று எரியும்போது அதிலுள்ள கட்டியை எங்கே பிரித்துப் பார்ப்பது?

அதனால் விஞ்ஞானிகள் பசியை விட்டுவிட்டுப் புற்றுச் செல்லின் அடையாளத்தைத் தேடினார்கள். குறிப்பிட்ட ஒரு குறியை மட்டும் பற்றும் ஆன்டிபாடியை ஆய்வகத்தில் வேண்டிய அளவு வளர்க்க 1975-இல் கோலரும் மில்ஸ்டீனும் வழி கண்டார்கள்; 1984-இல் நோபல் பரிசு. அந்தப் புரதத்தில் கதிரியக்க அணுவைக் கோத்துவிட்டால், அது போய் ஒட்டும் இடம் படத்தில் தெரியும்.

சொல்வது எளிது. 1996-இல் அமெரிக்கா அனுமதித்த ப்ராஸ்டாசின்ட் என்ற ஆன்டிபாடி மருந்து தேடிய குறி செல்லின் உட்புறத்தில் இருந்தது. உயிருள்ள செல்லுக்குள் ஆன்டிபாடி நுழையாது. சிதைந்த செல்களில்தான் ஒட்டியது. படம் மங்கல்தான்.

அடுத்த சிக்கல் நேரம். சின்னக்கானல் யானை அரிக்கொம்பனுக்கு 2023-இல் ரேடியோ காலர் மாட்டிப் பெரியாறு காட்டில் விட்டார்களே, அது கம்பம் வரை நடந்தது. யானை நடந்து முடியும்வரை பேட்டரி தாங்க வேண்டும். ஆன்டிபாடியும் பெரிய உருப்படி, நாள்கணக்கில் ரத்தத்தில் சுற்றித்தான் கட்டியில் சேரும். ஃப்ளூரின்-18 110 நிமிடத்திலேயே பாதியாகிவிடும். சிர்கோனியம்-89 பாதியாக 78 மணி நேரம் ஆகும். உடம்பில் ஏறும் கதிர்வீச்சும் அதற்கேற்பக் கூடுதல்தான்.

அந்தச் சிர்கோனியத்தை கிரென்டக்ஸிமாப் என்ற ஆன்டிபாடியில் கோத்து, சிறுநீரகத்தில் கட்டி இருந்த 300 பேரிடம் சோதித்த முடிவு 2024-இல் வந்தது. தெளிசெல் வகைப் புற்று இருந்தவர்களில் சுமார் 85 சதவீதம் பேரிடம் ஸ்கேன் அதைக் காட்டிக்கொடுத்தது. இந்த ஆன்டிபாடி பெரும்பாலும் கல்லீரல் வழியாகக் கழிவதால் சிறுநீரகப் பக்கம் படம் தெளிவு.

ஆனால் இன்று ஊசி, ஏறக்குறைய 5 நாள் கழித்துத்தான் படம். ஒரே நாளில் முடிக்க ஆன்டிபாடியைச் சிறு துண்டாக்கியும் பார்க்கிறார்கள். துண்டுகள் விரைவாகக் கட்டியை எட்டும். ஆனால் சிறுநீரகம் வழியாக வெளியேறும். அங்கேயே கட்டி இருப்பவருக்கு அது உதவாது. எஸ்டேட்டிலிருந்து இரண்டு முறை மலையிறங்கத்தான் வேண்டும்.