அசையக் கூடாத இறக்கை

ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் தடை செய்யப்பட்ட கருவிகளின் பட்டியல் நீளமானது. அவற்றில் பேர்போன பலவும் ஒரே விதியில் மாட்டிக்கொண்டவை. காற்றின் போக்கை மாற்றும் எந்தப் பாகமும் காரின் உடலோடு இறுகப் பொருந்தியிருக்க வேண்டும், அசையக் கூடாது என்பதே அந்த விதி. 1969-ல் இரண்டு கார்கள் நொறுங்கிய பிறகு அது பிறந்தது.

விமானத்தின் இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்தால் அது தூக்காது, அழுத்தும். அந்த அழுத்தத்தில் டயர் தரையை இறுகப் பிடிக்கும். வளைவை இன்னும் வேகமாகக் கடக்கலாம். இதைக் கண்டுகொண்ட அணிகள் 1968 வாக்கில் ஒல்லியான கம்பிகளின் மேல், ஓட்டுநரின் தலைக்கும் மேலே, இறக்கைகளை நிறுத்தின. 1969 மே 4 அன்று பார்சிலோனாவின் மோன்ட்ஜுயிக் பூங்காச் சாலையில் கிரகாம் ஹில், யோகன் ரிண்ட் இருவருடைய லோட்டஸ் கார்களிலும் பின் இறக்கை முறிந்தது. ரிண்ட் காயத்தோடு தப்பினார். அடுத்த பந்தயம் மொனாக்கோவில். அங்கே பயிற்சி ஓட்டம் தொடங்கிய பிறகு இறக்கைகளைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். பின்னர் குட்டையான, அசையாத இறக்கைக்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

மேலே வழி அடைபட்டதும் பொறியாளர்கள் காருக்கு அடியில் இறங்கினார்கள். அகன்று சோம்பி வரும் தாமிரபரணி, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் மதகுக்குள் ஒடுங்கும்போது வேகமெடுப்பதைப் பார்த்தவர்களுக்கு அவர்கள் கண்ட உத்தியில் பாதி விளங்கிவிடும். இடுக்கில் நுழையும் காற்றும் அப்படித்தான் விரைகிறது. வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறையும், அதனால் கார் கீழ்நோக்கி இழுக்கப்படும் என்பது மீதிப் பாதி. காலின் சாப்மனின் லோட்டஸ் 78, 79 கார்கள் இப்படித்தான் தரையோடு ஒட்டிக்கொண்டன. அவற்றை ஓட்டி 1978 பட்டத்தை மரியோ ஆன்ட்ரெட்டி வென்றார். பக்கவாட்டில் காற்று நுழையாதபடி தரையைத் தொட்டுச் சறுக்கிய தடுப்புகளை 1981-ல் தடை செய்தார்கள். 1983-ல் காரின் அடிப்பாகமே தட்டையாக இருக்க வேண்டும் என்றார்கள்.

அதே 1978-ல் பிரபாம் அணிக்கு ஒரு சங்கடம். அதன் ஆல்ஃபா ரோமியோ இன்ஜினில் சிலிண்டர்கள் படுத்த வாக்கில் இருந்ததால், லோட்டஸைப் போலக் காற்றுப் பாதை அமைக்க இடமில்லை. வடிவமைப்பாளர் கார்டன் மரே, காரின் பின்புறம் பெரிய விசிறி ஒன்றை மாட்டி அடியிலிருந்த காற்றை உறிஞ்சி எடுத்தார். ரேடியேட்டரை இன்ஜினின் மேல் கிடத்தி, விசிறி இருப்பது அதைக் குளிர்விக்கத்தான் என்றும் வாதாடினார். அது முழுப் பொய்யல்ல. முதன்மை நோக்கம் காரைக் கீழே அழுத்துவதாக இருந்தால்தானே குற்றம்! ஸ்வீடனின் ஆண்டர்ஸ்டார்ப்பில் நிக்கி லாடா 34 விநாடிக்கு மேலான இடைவெளியில் வென்றார். மற்ற அணிகள் கொதித்தன. வெற்றி செல்லும், ஆனால் கார் இனி வராது என்று முடிந்தது. பிரபாமின் உரிமையாளர் பெர்னி எக்ல்ஸ்டன் அப்போது அணிகளின் சங்கத்தையும் நடத்திவந்தவர். ஒரு காருக்காகச் சங்கத்தை உடைக்க அவர் விரும்பவில்லை. தொழில்நுட்பத் தடைகளில் அரசியலின் பங்கை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கதை இல்லை.

1992-ன் வில்லியம்ஸ் எஃப்டபிள்யூ14பி காரில் சஸ்பென்ஷனைக் கணினி இயக்கியது. மேட்டிலும் பள்ளத்திலும் காரின் உயரம் மாறாமல் ஹைட்ராலிக் கருவிகள் பார்த்துக்கொண்டன. நைஜல் மான்செல் 16 பந்தயங்களில் 9 வென்றார். அடுத்த ஆண்டு கனடாவில், காரின் உடலை உயர்த்தித் தாழ்த்துவதால் இதுவும் அசையும் காற்றியக்கக் கருவியே என்று அதிகாரிகள் அறிவித்தபோது, களத்திலிருந்த கிட்டத்தட்ட எல்லா கார்களுமே விதி மீறியவை ஆகிவிட்டன. 1994 முதல் இந்த சஸ்பென்ஷனோடு ஏபிஎஸ் பிரேக், டிராக்‌ஷன் கன்ட்ரோல் ஆகியவையும் போயின. ஓட்டுநரின் வேலையைக் கணினி செய்யக் கூடாது, செலவும் குறைய வேண்டும் என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். எஃப்டபிள்யூ14பி காரை 2017-ல், வில்லியம்ஸ் அணியின் 40-ஆம் ஆண்டுக் கொண்டாட்டத்தில், சில்வர்ஸ்டோன் தடத்தில் ஓட்டிக்காட்டியவர் சென்னையின் பந்தய ஓட்டுநர் கருண் சந்தோக். ஃபார்முலா ஒன் ஒதுக்கிய ஏபிஎஸ்ஸோ, 125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கு இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து சட்டப்படி கட்டாயம்.

தமிழ்நாட்டுப் பந்தயத் தடங்களில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை. கோவையின் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து உருவாக்கிய ஃபார்முலா மாருதியும், பின்னர் வந்த ஃபார்முலா எல்ஜிபியும், எல்லோருக்கும் ஒரே கார் என்ற வகையைச் சேர்ந்தவை. புதுமைக்கே இடமில்லாததால் தடைக்கும் வேலையில்லை.

ஃபார்முலா ஒன்னில் அந்த அசையாமை விதியை மிக அதிகமாக இழுத்தது 2006-ல். ரெனோ அணி காரின் மூக்குக்குள் ஸ்பிரிங்கில் ஒரு எடையைத் தொங்கவிட்டு, கார் குதிப்பதைத் தணித்தது. வெளிக்காற்றே படாத அந்த எடையும் அசையும் காற்றியக்கக் கருவிதான் என்று பந்தயத்தை நிர்வகிக்கும் சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் பந்தய நடுவர்கள் அந்தக் கருவியைச் சரியென்று ஏற்றிருந்தார்கள். அவர்களுக்கு எதிராக மேல்முறையீடு செய்தது கூட்டமைப்பேதான். வார்த்தைகளை இவ்வளவு தூரம் இழுக்கலாம் என்றால் காரில் எதைத்தான் தடுக்க முடியாது? பெர்னாண்டோ அலோன்சோ அந்த ஆண்டும் பட்டம் வென்றார் என்பது வேறு விஷயம்.

2010-ல் மெக்லாரன் அணி அந்த விதியைப் பழிவாங்கியது போலிருந்தது. அதன் புதிய கருவியில் அசையும் பாகம் எதுவும் இல்லை, அசைந்தது ஓட்டுநர். காற்றுக் குழாயின் ஒரு துளையை அவர் தன் உடலால் அடைத்தால், குழாய் வழி வந்த காற்று பின் இறக்கையின் வேலையைக் கெடுக்கும். இழுவை குறைந்து நேர்ச்சாலையில் கார் பறக்கும். 2011-ல் ஓட்டுநரின் அசைவுக்கும் தடை வந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு முந்திச்செல்ல வசதியாக, பொத்தானை அழுத்தினால் திறக்கும் பின் இறக்கையை விதியே எல்லா கார்களுக்கும் அனுமதித்தது. 

தரையோடு ஒட்டவைக்கும் அடிப்பாகக் காற்றுப் பாதை 2022-ல் விதிப்படியே திரும்பி வந்தது. 2026-ன் விதிகளில் முன் இறக்கை, பின் இறக்கை இரண்டுமே அசையலாம்.