லாரிக்குள் குளிர்ச்சி

சித்திரை வெயிலில் நெடுஞ்சாலையில் செல்லும் லாரியின் டிரைவர் அறை அடுப்பங்கரைக்கு ஒப்பானது. மேலே தகரக் கூரை காய்கிறது. காலடியில் எஞ்சின் கொதிக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே அமர்ந்துதான் நம் டிரைவர்கள் இரவு பகல் பாராமல் நாட்டின் சரக்கைச் சுமந்து செல்கிறார்கள். 2025 அக்டோபர் 1-ந் தேதி முதல் உற்பத்தியாகும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் அறைக்குக் குளிர்சாதனம் இருந்தே தீரவேண்டும் என்று இந்திய சர்க்கார் விதித்திருப்பது நியாயமே. ஆனால், புதிய வண்டிகளுக்கே இவ்விதி பொருந்தும். பழைய லாரிகளை ஓட்டுவோரின் கதி என்ன?

குளிர்சாதனம் சீமான்களின் சுகபோகம் என்று சிலர் கூறலாம். ஆரம்பத்தில் அது வாஸ்தவந்தான். அமெரிக்காவில் பேக்கார்டு கம்பெனியார் தங்கள் 1940-ஆம் வருஷத்து உயர்ரகக் கார்களில் இதை அமைத்துத் தந்தார்கள். குளிரூட்டும் பாகம் சாமான் பெட்டியில் பெரும் இடத்தை அடைத்துக்கொண்டது. கம்ப்ரஸருக்குக் கிளச் கிடையாது. எஞ்சின் ஓடும்போதெல்லாம் அதுவும் ஓடும். அதை ஓடாமற் செய்ய வேண்டுமானால் எஞ்சினை நிறுத்தி, மூடியைத் திறந்து, பெல்ட்டையே கழற்ற வேண்டும்! மின்காந்தக் கிளச் வந்த பிறகே இத்தொல்லை ஒழிந்தது.

குளிர்ச்சி இனாமாக வருவதன்று. எஞ்சினின் சக்தியில் ஒரு பங்கைப் பெல்ட் மூலம் வாங்கித்தான் கம்ப்ரஸர் வாயுவை அழுத்துகிறது. அவ்வாறு சூடேறிய வாயு, ரேடியேட்டருக்கு முன்னுள்ள கண்டென்ஸரில் தன் உஷ்ணத்தை விட்டுத் திரவமாகிறது. பிறகு உள்ளே மீண்டும் ஆவியாகி, அறையின் உஷ்ணத்தைக் கவர்ந்துகொள்கிறது. ஆகவே எஞ்சினுக்கு இரட்டைச் சுமை: கம்ப்ரஸரையும் சுழற்ற வேண்டும், கண்டென்ஸர் விட்ட சூடான காற்றைக் கொண்டே தானும் குளிர வேண்டும்.

இதை உணராமல் பழைய வண்டியில் கம்ப்ரஸரைப் பொருத்துவது பணத்தைப் பாழாக்குவதாகும். அதைத் தாங்கும் பிராக்கெட் எஞ்சினோடு அசையாதபடி இறுக வேண்டும். ஆடினால் குழாய் இணைப்புகள் தளர்ந்து வாயு கசியும். புல்லிகள் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். சிறிது பிசகினாலும் பெல்ட் தேய்ந்து அறும். ரேடியேட்டரும் விசிறியும் புதிய சுமைக்கு ஈடுகொடுக்க வேண்டும். கம்ப்ரஸருக்கு உரிய வாயுவையும் எண்ணெயையுமே நிரப்ப வேண்டும். முன்னாளில் வழங்கிய ஆர்-12 வாயு, வானத்து ஓஸோன் படலத்தைக் கெடுப்பதால், 1987-ஆம் வருஷத்து மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி விலக்கப்பட்டது.

இவ்வளவும் செய்த பின்னர், “டீசல் செலவாகிறது, நிறுத்து” என்று முதலாளி உத்தரவிடுவாரானால் பயன் என்ன? டீசல் சிறிது அதிகமாகும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் உஷ்ணம் களைப்பைத் தரும். களைப்பு கவனத்தைக் குலைக்கும். சாலையில் ஒரு கணக் கவனக் குறைவுக்கு ஈடாக எந்த டீசல் கணக்கையும் எழுத முடியாது. லாரி முதலாளிகள் முன்வர வேண்டும். பழைய வண்டிகளுக்கும் உதவ சர்க்கார் வழி காண வேண்டும். எஞ்சின் கொதித்தால் வண்டியை நிறுத்தித் தண்ணீர் ஊற்றுகிறோம். அதை ஓட்டும் மனிதனுக்கு அவ்வளவு கருணையேனும் காட்டலாகாதா?