கார் நம்ம ஊருது... கப்பல் யாருது?

பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில், தண்டலம் பஸ் ஸ்டாப்பில் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். புத்தம்புது கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு நீளமான டிரெய்லர்கள் போகும். பின்னாலேயே கன்டெய்னர் லாரிகள் வரும். பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-ல் ரெனால்ட்-நிஸான் ஆலை திறக்கப்பட்டது. அதன் பிறகு இந்தச் சாலைக்கு ஓய்வே இல்லை.

ஏற்றுமதிக்கான கார்கள் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் போகின்றன. அங்கே நிற்கும் கப்பல், கடலில் மிதக்கும் பல மாடி கார் பார்க்கிங் மாதிரி இருக்கும். கார்களை கிரேனில் தூக்குவதில்லை; டிரைவர்கள் சாய்தளம் வழியாக உள்ளே ஓட்டிச் சென்றே நிறுத்துகிறார்கள். பெரிய கப்பல் என்றால் ஆயிரக்கணக்கான கார்கள் அடங்கும்.

அந்தக் கப்பலின் மேல் எழுதியிருக்கும் பெயரைப் பாருங்கள். பெரும்பாலும் ஜப்பான், கொரியா, நார்வே நிறுவனமாக இருக்கும். நம்ம ஊர்ப் பிள்ளைகள் ஷிஃப்ட் போட்டுச் செய்த கார்தான். ஆனால், அதைச் சுமக்கும் கூலி வேறு நாட்டுக்குப் போகிறது.

வாடகை மட்டும் 6 லட்சம் கோடி!

இந்தியாவின் வெளிநாட்டு வர்த்தகத்தில், எடைக் கணக்கில் சுமார் 95 சதவிகிதம் கடல் வழியாகத்தான் நடக்கிறது. 2025 செப்டம்பரில் குஜராத்தின் பாவ்நகரில் பேசிய பிரதமர் மோடி ஒரு கணக்குச் சொன்னார். 50 ஆண்டுகளுக்கு முன்பு நம் வர்த்தகத்தில் 40 சதவிகிதம் இந்தியக் கப்பல்களில் போனது; இப்போது 5 சதவிகிதம்தான். வெளிநாட்டுக் கப்பல் நிறுவனங்களுக்கு ஆண்டுதோறும் நாம் கொடுப்பது சுமார் 6 லட்சம் கோடி ரூபாய்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த வலி புரியும். கொரோனா காலத்தில் கன்டெய்னர் தட்டுப்பாடு வந்தபோது, கப்பல் வாடகை பல மடங்கு ஏறியது. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதும், ஐரோப்பா செல்லும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. பயணம் பத்து நாள்களுக்கும் மேல் நீண்டது. செலவு நம் ஏற்றுமதியாளர் தலையில்!

சொந்தக் கப்பல் இருந்தால் மட்டும் உலகச் சந்தையில் வாடகை ஏறாமல் இருக்குமா? இருக்காது. ஆனால், ஏறும் பணம் நம் நாட்டுக்குள் இருக்கும். நெருக்கடி நேரத்தில் எந்தச் சரக்கை முதலில் ஏற்றுவது என்று முடிவெடுக்கும் உரிமையும் நம்மிடம் இருக்கும்.

வ.உ.சி. கற்ற பாடம்

இதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே அனுபவித்துத் தெரிந்துகொண்டவர் வ.உ.சிதம்பரனார். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே முதலில் வாடகைக் கப்பலைத்தான் விட்டார். ஆங்கிலேயர்களின் நெருக்கடியால் கப்பலைக் கொடுத்தவர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 'சொந்தக் கப்பல்தான் வழி' என்று பணம் திரட்டி, எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்ற இரண்டு கப்பல்களை வாங்க வைத்தார்.

ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைத் தாறுமாறாகக் குறைத்தது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். 1912 இறுதியில் அவர் விடுதலையானபோது கம்பெனியே இல்லை. கப்பல் வாங்கினால் போதாது, நஷ்டத்தைத் தாங்கும் முதலீடும் அரசின் துணையும் வேண்டும் என்பதே அதன் பாடம். அவருக்கு எதிராக நின்றதே அரசுதான்!

ஐந்நூறு வோன் நோட்டு

அரசின் துணை கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம், தண்டலத்தின் பக்கத்து ஊரிலேயே பெயர்ப்பலகையாக நிற்கிறது. ஹூண்டாய் நிறுவனர் சுங் ஜு-யுங் 1971-ல் கப்பல் கட்டக் கடன் தேடி லண்டன் போனார். கப்பல் கட்டிய அனுபவம் துளியும் இல்லை. பையிலிருந்து 500 வோன் நோட்டை எடுத்து, அதில் அச்சாகியிருந்த பழைய கொரிய 'ஆமைக் கப்பல்' படத்தைக் காட்டினார் என்பது அங்கே பிரபலமான கதை. கொரிய அரசு பக்கபலமாக நின்றது. 1972-ல் உல்சான் நகரில் தளம் அமைக்கத் தொடங்கி, 1974-லேயே கப்பலை மிதக்கவிட்டார்கள். இன்று அது உலகின் முன்னணிக் கப்பல் கட்டும் தளம். பின்னாளில் கார் குழுமமும் கப்பல் குழுமமும் பிரிந்துவிட்டாலும், ஆரம்பித்தவர் ஒருவரே.

நம்மிடம் உலகக் கப்பல் கட்டுமானத்தில் ஒரு சதவிகிதம்கூட இல்லை. கப்பல் வாங்கக் கிடைக்கும் கடனுக்கு வட்டி அதிகம், தவணைக்காலம் குறைவு என்பது நீண்ட நாள் குறை. 2025 பட்ஜெட்டில் பெரிய கப்பல்களுக்கு உள்கட்டமைப்பு அந்தஸ்து தருவதாக அறிவித்தது இதற்காகத்தான். அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 69,725 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. தூத்துக்குடியில் தலா 15,000 கோடி ரூபாயில் இரண்டு கப்பல் கட்டும் தளங்கள் அமைக்க, கொச்சி ஷிப்யார்டு, மசகான் டாக் நிறுவனங்களுடன் தமிழ்நாடு கைகோத்திருக்கிறது.

கப்பல் கட்ட வேண்டியது வெல்டர், ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன், பெயின்டர். தண்டலம், ஒரகடம் பக்கம் தினமும் கம்பெனி பஸ் ஏறுபவர்களில் பலருக்குத் தெரிந்த வேலைகள்தான் இவை. கடலில் வேலை செய்ய விரும்பும் பிள்ளைகளுக்கு, சென்னையிலேயே இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கிறது.

கார் செய்யத் தெரியுமா என்று 30 ஆண்டுகளுக்கு முன்பு யாராவது கேட்டிருந்தால், இந்த ஊர்கள் சிரித்திருக்கும். இன்று உலகத்துக்கே அனுப்புகின்றன. வ.உ.சி. பெயரைத் துறைமுகத்துக்கு வைத்துவிட்டோம். அவர் ஆசைப்பட்டதுபோல் அங்கே நம் கப்பல்களும் நிற்க வேண்டும்!