டிசபிலிட்டி பென்ஷன்: கோப்பு எங்கே நிற்கிறது?

வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை அக்கம்பக்கத்தில் 'மிலிட்டரிபேட்டை' என்றே சொல்வார்கள். அத்தனை பேர் ராணுவத்துக்குப் போன ஊர். அப்படிப்பட்ட ஊர்களில் முன்னாள் படைவீரர்கள் நாலு பேர் கூடினால், கேன்டீன் கார்டுக்கு அடுத்தபடி அடிபடும் பேச்சு டிசபிலிட்டி பென்ஷன். வழக்கமாக எழும் சந்தேகங்கள் சிலவற்றைப் பார்ப்போம்.

17 வருஷம் சர்வீஸ். நல்ல உடம்போடு போனேன். ரத்த அழுத்தத்தோடு திரும்பினேன். சர்வீஸ் பென்ஷன் வருகிறது. டிசபிலிட்டிக்கு மட்டும் தகுதி இல்லை என்கிறார்களே?

பணியிலிருந்து விடுவிக்கும் முன் நடக்கும் மெடிக்கல் போர்டு இரண்டு விஷயங்களை முடிவு செய்கிறது. குறைபாடு எத்தனை சதவீதம் என்பது ஒன்று. பொதுவாக 20 சதவீதமாவது இருக்க வேண்டும். அது ராணுவப் பணியால் வந்ததா அல்லது பணியால் முற்றியதா என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிவிட்டால், முதல் கேள்விக்கு 60 சதவீதம் என்று பதில் இருந்தாலும் பயனில்லை.

பெரும்பாலான கோப்புகள் முடங்குவது இங்கேதான். 'நோய் பீஸ் ஸ்டேஷனில் இருந்தபோது வந்தது' என்ற ஒற்றை வரியையே காரணமாக எழுதிய போர்டுகள் ஏராளம். எல்லையில் இல்லாதவருக்கு டியூட்டியின் அழுத்தமே கிடையாது என்பது போல. அந்த ஒரு வரி மட்டும் போதாது, ஏன் என்று விளக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன.

பணியால்தான் வந்தது என்று நான் எப்படி நிரூபிப்பேன்?

நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது அல்ல. தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் இதைத் தெளிவாக்கியது. சிக்னல்ஸ் பிரிவில் 1985-இல் சேர்ந்த சிப்பாய் அவர். வலிப்பு நோய் என்று 1994-இல் வெளியே அனுப்பப்பட்டார். சேரும்போது மருத்துவப் பரிசோதனையில் எந்த நோயும் பதிவாகவில்லை என்றால், ஆள் ஆரோக்கியமாகத்தான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். பிறகு வந்த நோய்க்கும் பணிக்கும் சம்பந்தமில்லை என்றால் அதை அரசுதான் காட்ட வேண்டும் என்றது தீர்ப்பு. சந்தேகத்தின் பலன் படைவீரருக்கே.

வெளியேறியது 1994-இல், தீர்ப்பு 2013-இல் என்பதையும் கவனியுங்கள். சட்டம் இவ்வளவு தெளிவான பிறகும் அதே கேள்விக்காக அடுத்தடுத்த ஆள் தனித்தனியாக வழக்குப் போட வேண்டியிருக்கிறது. தாமதத்தின் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

எனக்கு 30 சதவீதம் என்று எழுதினார்கள். பக்கத்து ஊர்க்காரருக்கும் அதேதான். அவருக்கு மட்டும் எப்படிக் கூடுதலாக வருகிறது?

அவருக்கு 'பிராட் பேண்டிங்' செய்திருப்பார்கள். 50-க்குக் குறைவு என்றால் 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் எடுத்துக்கொள்ளும் முறை இது. முழு ஊனத்துக்கு டிசபிலிட்டி பகுதி கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்தால் 12,000. 30 சதவீத ஊனத்துக்கு 3,600. அதுவே 50 ஆனால் 6,000. அகவிலைப்படி தனி.

முதலில் இதை, நோயால் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டுமே தந்தார்கள். பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரில் சொன்னது.

அப்பீல் போட்டேன், பதிலே இல்லை. எவ்வளவு நாள் காத்திருப்பது?

மறுப்புக் கடிதம் கிடைத்து 6 மாதத்துக்குள் முதல் அப்பீல். அதுவும் தள்ளுபடியானால் இரண்டாவது அப்பீல். ஆனால் ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம், 2007-இல் பலர் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது: மனுப்போட்டு 6 மாதம் ஆகியும் இறுதி உத்தரவு வராவிட்டால், துறை வழி முடிந்துவிட்டது என்று கருதி நேரே தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சென்னையிலேயே அமர்வு உண்டு.

ஜெயித்தும் பணம் வரவில்லையே?

இது நியாயமான கோபம். பல வழக்குகளில் அரசு மேல்முறையீட்டுக்குப் போகிறது. அல்லது 'மேல்முறையீட்டின் முடிவுக்கு உட்பட்டு' என்ற நிபந்தனையோடு ஒப்புதல் தருகிறது. வழக்குகளைக் குறைக்க வழி சொல்லும்படி 2015-இல் மனோகர் பாரிக்கர் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது ஒரு நிபுணர் குழு அமைக்கப்பட்டது. கார்கில் போரில் கால் இழந்த மேஜர் டி.பி. சிங்கும் அதில் இருந்தார். ஊனமுற்ற வீரர்களுக்கு எதிராக வழக்கு நடத்தும் போக்கை அந்தக் குழு கடுமையாக விமர்சித்தது. போக்கு நிற்கவில்லை. தீர்ப்பாய உத்தரவுகளை எதிர்த்து அரசு போட்ட ஏறக்குறைய 300 மனுக்களை டெல்லி உயர் நீதிமன்றம் 2025-இல் ஒரே தீர்ப்பில் தள்ளுபடி செய்தது.

அரசுத் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற வாழ்க்கைமுறை நோய்களைக் காட்டி டிசபிலிட்டி பெறுவோர், குறிப்பாக அதிகாரிகள், அதிகம் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023 அறிக்கை சுட்டியது. அலட்சியப்படுத்தக்கூடிய கவலை அல்ல. ஆனால் அதற்கான சல்லடை மெடிக்கல் போர்டு. அங்கே ஒரு வரியில் முடித்துவிட்டு, ஒரு சிப்பாயை உச்ச நீதிமன்றம் வரை இழுப்பது சல்லடை ஆகாது.

உத்தரவு நிறைவேறாவிட்டால் அதை நிறைவேற்றக் கோரி தீர்ப்பாயத்திலேயே மனுப்போடலாம்.

ரிட்டயர் ஆகி 20 வருஷம் ஆயிற்று. இனிமேல் கேட்கலாமா?

கேட்கலாம். பென்ஷன் மறுப்பு மாதாமாதம் தொடரும் குறை என்பதால், தாமதம் என்று சொல்லி முழுவதும் மறுப்பதில்லை. ஆனால் நிலுவைத் தொகையில் அடி விழலாம். 2008-இல் தர்சேம் சிங் வழக்கில், மனுப்போட்ட நாளுக்கு முந்தைய 3 ஆண்டு நிலுவை மட்டுமே என்றது உச்ச நீதிமன்றம்.

2023-இல் விதி மாறிவிட்டது என்கிறார்களே?

அந்த விதிகள் 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு பணி முடித்தவர்களுக்கு. அதற்கு முன் வந்தவர்கள் பயப்பட வேண்டாம்.

என் மகன் அக்னிவீர். அவனுக்கு?

மாதப் பென்ஷன் கிடையாது. பணியால் ஏற்பட்ட ஊனத்துக்கு ஒரே தவணையாகக் கருணைத்தொகை: 100 சதவீதத்துக்கு 44 லட்சம், 75-க்கு 25 லட்சம், 50-க்கு 15 லட்சம் ரூபாய்.

முதலில் எந்தப் பேப்பரைத் தேடுவது?

மெடிக்கல் போர்டு நடவடிக்கைகளின் முழு நகல். கையில் இல்லையென்றால் உங்கள் ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு அது வெலிங்டன். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கூடவே டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., மறுப்புக் கடிதம். ஸ்பர்ஷ் ஓய்வூதிய இணையதளத்தில் உங்கள் ஊன சதவீதம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். மனு எழுதத் தெரியவில்லை என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.